ஊதிப் பார்க்கிற பழக்கம்

மார்ச் 3, திங்கள்

இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். மோட்டார் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அட்டையில் அம்புக்குறி போட்டபோது நான் மோட்டாருக்குப் பின்னால் நின்றிருந்தேன். பின்னால் நின்று பார்க்கையில் இடப்பக்கம் சுற்றுவது, முன்னால் வந்து பார்த்தால் வலப்பக்கம் சுற்றும். இது எனக்குத் தெரியாததில்லை. மாலை நேர மெஷின் வகுப்பில் சேர்ந்த புதிதிலேயே படம் போட்டுப் படித்ததுதான். அம்பைப் பார்த்தேனே தவிர, நான் நிற்கிற இடத்தைப் பார்க்கவில்லை.

சுவிட்சைப் போட்டதும், மோட்டாரில் மாட்டியிருந்த தீட்டுகிற கல் தப்பான பக்கம் சுற்றியது. கல்லை இறுக்கிப் பிடித்திருந்த நட்டு தானாகவே கழன்று, பலகைமேல் உருண்டு, அண்ணியின் சோப்புப் பெட்டிக்குள் போய் விழுந்தது. நல்லவேளையாகக் கல் தண்டிலேயே தள்ளாடிக்கொண்டு நின்றது. அணைத்துவிட்டுத் தடவிப் பார்த்தேன். கீறல் எதுவும் இல்லை.

"இன்ஜினியரம்மா, சுத்த வேண்டியது கல்லு. நட்டு இல்ல" என்றான் அண்ணன்.

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு, நெற்றி நரம்பு புடைக்க இருமினான். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், தண்ணீர் கொண்டுவரவில்லை. தண்ணீர் குடித்தால் அடங்குகிற இருமல் இல்லை அது என்று இப்போது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எதற்காக இந்த வேலை என்பதை எழுதி வைக்கிறேன். நாளைக்கு எனக்கே சந்தேகம் வரும்.

அண்ணன் பட்டறையில் டூல் தீட்டுகிறவன். லேத்தில் இரும்பைக் கடைகிற டூல்களின் நுனியில் கார்பைடு என்ற ஒரு துண்டு ஒட்டியிருக்கும். அது மழுங்கினால் சாதாரணச் சாணைக்கல்லில் தீட்ட முடியாது. கார்பைடு தேயாது, கல்தான் தேயும். வைரத்தூள் பதித்த கல் வேண்டும். அந்தக் கல்லின்முன் அண்ணன் பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து உட்கார்ந்திருக்கிறான். அங்கே தண்ணீர் கிடையாது, தூசியை இழுக்கிற விசிறி கிடையாது. மூக்கில் ஒரு கைக்குட்டை, அதுவும் முதலாளி வரும்போது மட்டும்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு இரண்டே விஷயம் சொன்னார். அந்தத் தூசிப் பக்கம் இனிமேல் போகக்கூடாது. நுரையீரல் எவ்வளவு மீதி இருக்கிறது என்று தெரிய, ஒரு குழாயில் ஊதிப் பார்க்கிற பரிசோதனைக்கு வர வேண்டும். முதலாவதற்காக அண்ணன் வேலையை விட்டு நின்றான். இரண்டாவதற்கு இன்னும் போகவில்லை. கேட்டால், "போகலாம் போகலாம், ஆஸ்பத்திரி என்ன ஓடியா போகுது" என்கிறான்.

வீட்டில் சும்மா இருக்க அவனால் முடியவில்லை. அண்ணியின் அரிவாள்மனை, கத்தரிக்கோல், என் பென்சில் எல்லாவற்றையும் கூராக்கிவிட்டான். இப்போது முதலாளி ஆள் விட்டிருக்கிறார். வருகிற திங்கட்கிழமை வந்தால் பழைய இடம், இல்லையென்றால் வேறு ஆள். அண்ணன் போகிறேன் என்கிறான். அண்ணியும் நானும் சண்டை போட்டு ஒரு நிபந்தனைக்கு அவனை ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறோம். தூசி வெளியே வராத ஒரு மெஷினை நான் வீட்டிலேயே அமைத்துவிட்டால், அவன் பட்டறைக்குப் போகாமல் இங்கேயே தீட்டுவான். முடியாவிட்டால் திங்கட்கிழமை கிளம்பிவிடுவான்.

அதாவது என் கையில் இருக்கிறது. அதுதான் எனக்குப் பயம். அம்புக்குறியையே தப்பாகப் போடுகிற கை.

மார்ச் 5, புதன்

நான் வேலை பார்க்கிற கடையில் இன்று ஜெராக்ஸ் மெஷின் இரண்டு முறை காகிதம் மென்றது. முதலாளியம்மா என்னைத்தான் பார்த்தார். ஒருவேளை நான்தான் காரணமோ.

வீட்டில் வேலை நகர்ந்தது. மோட்டாரின் ஒயரை மாற்றினேன். இம்முறை முன்னால் நின்று, இடக்கையால் காற்றில் வட்டம் போட்டுப் பார்த்து, அண்ணியையும் போடச் சொல்லிப் பார்த்தபிறகுதான் முடுக்கினேன். கல்லின் இடப்பக்கம் மேலிருந்து கீழே இறங்குகிறது. அந்தப் பக்கம்தான் டூலை வைக்கிற மேசை. கல் முனையின்மேல் வந்து இறங்கினால்தான் கார்பைடு ஒழுங்காகத் தேயும். கீழிருந்து மேலே ஏறினால் முனை பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

மோட்டார் அண்ணியுடைய வாஷிங் மெஷினின் வயிற்றிலிருந்து எடுத்தது. அண்ணி ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிக் காட்டாமலும் இல்லை.

"ஊர்ல பொண்டாட்டிக்கு மெஷின் வாங்கிக் குடுப்பாங்க. இங்க மெஷினை உரிச்சு எடுத்துக்கிறாங்க."

"வைரம் வாங்கிக் குடுத்திருக்கேனே" என்றான் அண்ணன், கல்லைக் காட்டி.

"ஆமா, மாட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போறேன். மோதிரம் போட்டப்பகூட வெறும் வளையம்தான். அதையும் சும்மா போட்டாரா உங்க அண்ணன்? வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, உஃப்னு ஒரு ஊது ஊதிட்டுத்தான் என் விரல்ல போட்டார். நான் என்ன லேத்தான்னு நினைச்சேன்."

அது உண்மை. அண்ணன் எதைக் கையில் எடுத்தாலும் ஊதுவான். கரண்டி, சாவி, பேனா மூடி. பட்டறையில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். டூலைக் கல்லிலிருந்து எடுத்ததும், முகத்துக்கு நேரே தூக்கி, ஒரு ஊது. தூசி பறந்தால்தான் முனை தெரியும். முனை தெரிந்தால்தான் இன்னும் தீட்டுவதா நிறுத்துவதா என்று தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை டூலோ அத்தனை ஊது. வகுப்பில் ஆசிரியர் ஊதக்கூடாது, துணியால் துடை என்கிறார். சொல்லிவிட்டு அவரே ஒருமுறை ஊதினார்.

கல்லைச் சுற்றி ஒட்டுப்பலகையில் பெட்டி செய்திருக்கிறேன். மேலே உடைந்த மீன் தொட்டியின் கண்ணாடி, கீல் வைத்த மூடி. முன்பக்கம் கை நுழைக்க இரண்டு துளை. துளைகளில் என் பழைய மழைக்கோட்டின் கைகளை வெட்டி ஒட்டியிருக்கிறேன், விளிம்பில் ரப்பர் நாடா. மேலிருந்து ஒரு பாட்டில், குழாய், சொட்டுச் சொட்டாகக் கல்லின்மேல் தண்ணீர். தேய்கிறது எல்லாம் சேறாகக் கீழே தட்டில் இறங்கும். மோட்டார் பெட்டிக்கு வெளியே, தண்ணீர் படாத பக்கம்.

கல் ஆடுகிறதா என்று பார்க்க வகுப்பிலிருந்து முள் வைத்த அளவுமானியைக் கேட்டு வாங்கி வந்தேன். முதலில் முள் நன்றாகவே ஆடியது. கல்லுக்கும் தண்டுக்கும் நடுவே சிகரெட் அட்டையின் ஈயத்தாளைச் சின்னதாக வெட்டி வைத்து, கழற்றி, மாட்டி, திரும்பக் கழற்றி, கடைசியில் முள் மூச்சு விடுகிற அளவுக்குத்தான் அசைந்தது. அண்ணன் விரல் நகத்தைக் கல்லோரத்தில் லேசாக வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"போதும். இனிமே நோண்டாத. நோண்டினா கெடுத்துடுவ."

பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணி தனியாகக் கேட்டாள். "தூசி வெளிய வராதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது அண்ணி. பார்க்கணும்."

"பார்க்கிற தூசியா அது? கண்ணுக்குத் தெரிஞ்சிருந்தா இவர் இப்படி ஆகியிருப்பாரா?"

வெள்ளைத் துணிகளை ஈரப்படுத்தி அறையைச் சுற்றி ஒட்டிவைத்துப் பார்க்கலாம் என்று யோசித்திருக்கிறேன். சாம்பல் நிறம் படிந்தால் பெட்டி ஒழுகுகிறது என்று அர்த்தம். படியாவிட்டால்? ஒழுகவில்லை என்றா, எனக்குத் தெரியவில்லை என்றா?

மார்ச் 8, சனி

சுருள் வந்திருந்தார். அண்ணனோடு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். தலைமுடியும் சுருள், அவர் லேத்திலிருந்து விழுகிற இரும்புச் சீவலும் சுருள், அதனால் அந்தப் பெயர். ஒரு பையில் மழுங்கிய டூல்கள் கொண்டுவந்தார்.

"என்ன தங்கச்சி, வீட்டுல பட்டறை வச்சிட்டீங்களாமே? போர்டு எங்க?" என்று அண்ணியைக் கேட்டார்.

"போர்டுல என்ன எழுதறதுன்னு யோசிச்சிட்டிருக்கோம்ணே. இங்கு புருஷன் பழுது பார்க்கப்படும்னு எழுதலாமா?"

சுருள் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அண்ணனைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மச்சான், முதலாளி மறுபடியும் கேட்டாரு. உன் இடத்துல ஒரு பொடியனைப் போட்டிருக்காரு. அவன் தீட்டுற டூல் சீப்பு மாதிரி இருக்கு, தலை வாரலாம். திங்கக்கிழமை வருவியா மாட்டியா, ஒரே பேச்சா கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"நாளைக்குச் சொல்றேன். மெஷின் ஓடட்டும்."

"வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றாள் அண்ணி.

"நாளைக்குச் சொல்றேன்னேன்ல."

அவர் போனபிறகு முதல் ஓட்டம். நான்தான் ஓட்டினேன், அண்ணன் அடுத்த அறையில் ஜன்னலோரம். அதுதான் எங்கள் ஒப்பந்தம். துணிகளின் முடிவு தெரியும்வரை அவன் இந்த அறைக்குள் வரக்கூடாது. பெட்டியின் மூடியருகே ஒரு துணி, கைத்துளைகளுக்குக் கீழே ஒன்று, கதவில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, அண்ணனின் கட்டில் தலைமாட்டில் ஒன்று.

முகமூடி போட்டுக்கொண்டு, மழைக்கோட்டுக் கைகளுக்குள் கையை விட்டேன். தண்ணீர் சொட்டியது. டூலை மேசையில் வைத்துக் கல்லை நோக்கித் தள்ளினேன். கிறீச் என்று ஒரு சத்தம், பல் கூசுகிற சத்தம்.

"அழுத்தாத! கல்லு தின்னட்டும், நீ ஊட்டாத!" என்று ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

அழுத்தத்தைக் குறைத்தேன். சத்தம் இறங்கியது. ஆனால் முனை ஓரிடத்தில் நிற்கவில்லை. ஓட்டி முடித்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால் முனை எலி கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தது. மறுபடி ஓட்டினேன். மறுபடி எலி. பட்டறைப் பொடியனை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் துணிகள் வெள்ளையாக இருந்தன. ஐந்தும். ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன், அண்ணியும் பார்த்தாள். மூடியருகே இருந்ததில்கூட ஒன்றுமில்லை. சாயங்காலம் இன்னொருமுறை நீண்ட நேரம் ஓட்டிவிட்டுப் பார்த்தோம். வெள்ளை.

"அப்ப சரியா?" என்றாள் அண்ணி. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன்.

"சரின்னுதான் தோணுது."

இதை எழுதும்போது ஏதோ ஒன்றை விட்டுவிட்டேன் என்று உறுத்துகிறது. எனக்கு எப்போதும் உறுத்தும். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள் நான். அதனால் இந்த உறுத்தலை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

எதை விட்டேன் என்று தெரிந்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அண்ணன் குளித்து, பட்டறைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். அண்ணி அதைத் தனியாகப் பலமுறை அலசி மூட்டைக்கு அடியில் வைத்திருந்தாள். எங்கிருந்தோ கண்டுபிடித்து எடுத்துவிட்டான். அவன் மெலிந்துபோனது அந்தச் சட்டைக்குள்தான் நன்றாகத் தெரிந்தது. நான் ஒரு முகமூடியைப் போட்டுக்கொண்டு அவனுக்கும் ஒன்று கொடுத்தேன். போட்டான். இரண்டு முறை மூச்சு இழுத்துவிட்டு மோவாய்க்கு இறக்கிக்கொண்டான்.

"இதுக்குள்ள காத்தே இல்லம்மா. பெட்டிதான் மூடியிருக்கே."

நான் விட்டுவிட்டேன். துணிகள்தான் வெள்ளையாயிற்றே.

உட்கார்ந்ததும் மேசையை ஒரு மயிரிழை சாய்த்தான். தண்ணீர்ச் சொட்டைக் கொஞ்சம் குறைத்தான். பிறகு கைகளை உள்ளே விட்டு டூலைக் கல்லில் வைத்தான். என் கையில் கிறீச்சிட்ட அதே கல், அவன் கையில் துணியை மெதுவாகக் கிழிக்கிற மாதிரி ஒரே சீராக ஓடியது. டூல் போகிறதும் தெரியவில்லை, வருகிறதும் தெரியவில்லை. அண்ணி கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். அண்ணன் முகத்தில் வேலைக்காரன் முகம் வந்திருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த ஆள் இல்லை. நான் செய்த மெஷின்தானா இது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மோட்டாரை அணைத்தான். கண்ணாடி மூடியைத் திறந்து டூலை வெளியே எடுத்து, விளக்குக்கு நேரே, முகத்தருகே தூக்கினான். முனையில் சாம்பல் நிறத்தில் ஒரு துளி நின்றது. அது மறைப்பதால் முனை தெரியவில்லை.

உதட்டைக் குவித்து ஊதினான்.

துளி அசையவில்லை. அவன் இன்னும் ஊதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி கன்னம் உப்பியது. இந்தமுறை சத்தம் கேட்டது, காற்று இறங்கிப்போன சைக்கிள் டியூபை மிதித்தால் வருமே, அந்த மாதிரி. துளி லேசாக நடுங்கிவிட்டு, அதே இடத்தில் நின்றது. மூன்றாவது முறை ஊத மூச்சு இழுத்தபோது இருமல் வந்துவிட்டது. உடம்பு முழுதும் குலுங்கியது. டூல் பிடித்த கை மட்டும், முனை எங்கும் இடிக்காமல், தனியாக நீட்டிக்கொண்டு ஆடாமல் நின்றது.

இருமல் அடங்கியதும் அதை என் பக்கம் நீட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ ஊது."

நான் குனிந்தேன். முகமூடியைக்கூட இறக்கிவிட்டேன். கார்பைடில் கலந்திருக்கிற கோபால்ட் நுரையீரலை என்ன செய்யும் என்று வகுப்பில் கேட்டவள், டாக்டர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவள், துணி ஒட்டிச் சோதித்தவள், வாயைக் குவித்துக்கொண்டு அந்தத் துளியிடம் போனேன். அண்ணன் சொன்னான், அதனால் போனேன்.

"ஊதாதடீ!"

அண்ணி என்னை டீ போட்டுக் கூப்பிட்டதே கிடையாது. வந்த வேகத்தில் கரண்டி தரையில் விழுந்தது. அண்ணன் கையிலிருந்து டூலைப் பிடுங்கினாள்.

"ஒருத்தர் ஊதினது போதாதா? துணின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு வீட்டுல?"

மூடியருகே ஒட்டியிருந்த என் வெள்ளைத் துணியைப் பிய்த்து முனையைத் துடைத்தாள். துணியில் சாம்பலாக ஒரு கோடு விழுந்தது. ஐந்து துணிகளிலும் சேர்த்து அதுதான் முதல் கறை. மூடிக்கும் கதவுக்கும் அடுப்படிக்கும் துணி வைத்தேன். அவன் வாய்க்கு நேரே வைக்க எனக்குத் தோன்றவில்லை. சொட்டுத் தண்ணீர் தூசியை அடக்கும். முனையில் ஒட்டியதை முகத்தருகே கொண்டுபோய் ஊதுகிற ஆளை எந்தப் பெட்டியும் அடக்காது.

அண்ணன் டூலைத் திரும்ப வாங்கி விளக்கில் பார்த்தான்.

"நல்ல முனை" என்றான். பிறகு மேசைமேல் வைத்தான். அடுத்த டூலை எடுக்கவில்லை.

பாட்டிலிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து குழாயை மூடினேன்.

"ஒரு குழாயைக் குடுத்து ஊதச் சொல்வாங்களாம்" என்றான் அண்ணன். "ஊதினா முள் ஏறுமாம். எவ்வளவு ஏறும்னு எனக்குத் தெரியும். அதான் போகல."

"எப்ப இருந்து தெரியும்?" என்றாள் அண்ணி.

"பட்டறையிலேயே. ஊதினா தூசி போகாம, விரலால தட்டித்தான் பார்த்திட்டிருந்தேன், கடைசியில."

அண்ணி விழுந்த கரண்டியை எடுத்துக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள்.

மத்தியானம் சுருள் வந்தார். தீட்டிய அந்த ஒரு டூலைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குத் தூக்கி, பழக்கத்தில் உஃப் என்று ஊதினார். அதில் தூசி எதுவும் இல்லை, அண்ணி துடைத்துவிட்டாள். இருந்தும் நாங்கள் மூன்று பேரும் அவருடைய வாயையே பார்த்தோம்.

"என்ன அப்படிப் பார்க்கிறீங்க? மீசையில சோறா?" என்று தடவிக்கொண்டார். "முனை கண்ணாடி மாதிரி இருக்கு மச்சான். மத்ததெல்லாம்?"

"மத்ததைத் திருப்பிக் கொண்டுபோயிடு."

"அப்ப நாளைக்குப் பட்டறைக்கு வர்றியா?"

"இல்ல. நாளைக்கு வேற இடத்துல வேலை இருக்குன்னு முதலாளிகிட்ட சொல்லு."

"யாரு, போட்டிக் கம்பெனியா? எனக்கும் ஒரு இடம் கேளேன்."

"கேட்கிறேன்" என்றான் அண்ணன். "ஊதுற வேலைதான். நீயும் ஒருநாள் வந்து ஊதிட்டுப் போ."

சுருள் சிரிக்க ஆரம்பித்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டு போகும்போது வாசலில் ஒருமுறை இருமினார். வெறும் தொண்டைக் கரகரப்பாக இருக்கலாம்.

மெஷின்மேல் பழைய போர்வையைப் போட்டிருக்கிறேன். மோட்டாரை அண்ணியின் வாஷிங் மெஷினில் திரும்ப மாட்ட எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஒயர்களைக் கழற்றியபோது நிறம் குறித்து வைக்கவில்லை. அதுவும் என் தப்புதான்.

நாளை திங்கள். காலையில் கடைக்குப் போன் செய்து விடுப்புச் சொல்ல வேண்டும். அண்ணனை ஊதுகிற பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும். அண்ணியும் வருகிறாள். எக்ஸ்ரே அலமாரிமேல் இருக்கிறது. என்ன உலோகம் என்று டாக்டர் கேட்டால் காட்ட, உடைந்த கார்பைடு துண்டு ஒன்றை ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் தட்டில் உள்ள சேற்றை வழித்து எடுத்துவிட வேண்டும். காயவிடக் கூடாது.